வியாழக்கிழமைப் பதிவேடு

கிளாஸ்கோ, எழுபத்தேழு, நவம்பர்.
தையல் இயந்திரக் கடைக்கு மேலே ஓர் அறை.
வாடகைக் கடிதத்தில் ‘நலச் சங்கம்’ என்றிருந்தது.
என்ன நலம் என்று வீட்டுக்காரர் கேட்கவில்லை.
முன்பணம் கேட்டார்.

ஒரு மேசை, ஒரு தொலைபேசி,
பாரஃபின் அடுப்பு ஒன்று.
அதன் நாற்றம் ஏறாத கம்பளிச் சட்டை
அந்தக் குழுவில் எவரிடமும் இல்லை.

இங்கிலாந்தில் சட்டம் மாறிப் பத்து வருடமாகிறது.
எல்லைக்கு வடக்கே மாறவில்லை.
கார்லைலில் இரண்டு ஆண்கள் உறங்கினால் அது கட்டில்.
பத்து மைல் தள்ளிப் போட்டால்
அதே கட்டில் சாட்சி.
பெண்களைச் சட்டம் பெயர் சொல்லித் திட்டக்கூட இல்லை.
அது வேறு மாதிரி இல்லாமல் போவது.

வியாழன்தோறும் இஷ்பெல் வருவாள்,
பகலெல்லாம் பேருந்தில் சீட்டுக் கிழித்த விரல்களோடு.
பதிவேட்டில் நான்கு கட்டங்கள்:
நேரம், பெயர், விஷயம், சொன்ன பதில்.

7.20. டூகல், உண்மைப் பெயர் அல்ல.
எந்த மதுக்கடையில் அடி விழாது?
இரண்டு சொன்னோம். ஒன்றை அடித்துவிட்டோம்.

7.55. ஒரு தாய்.
மகன் வெளியே வருவானா?
எங்கிருந்து என்றோம்.
பக்கத்து அறையிலிருந்து என்றார்.

8.10. பையன்கள். வசவு. சிரிப்பு.
ஒருவன் மட்டும் கடைசியில் சிரிக்கவில்லை.

8.40. மௌனம்.

அடுத்த வியாழனும் 8.40. மௌனம்.
அதற்கடுத்ததும்.

பொதுத் தொலைபேசிதான். பீப் பீப்,
பிறகு நாணயம் விழும் சத்தம்.
பின்னால் கடற்காகங்கள்,
கம்பத்தில் கயிறு மோதும் ஓசை.
ஏதோ துறைமுகம்.

என் மொழியில் வினை முடிய
அவனா அவளா என்று தெரிய வேண்டும்.
மூச்சுக்கு விகுதி இல்லை.
‘அழைத்தவர்’ என்கிறேன்,
மரியாதை பாதி, தெரியாமை பாதி.

நாமாக வைக்கக் கூடாது என்பது விதி.
சொல்ல வேண்டிய ஆறுதல்
இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும்.
பிறகு இஷ்பெல் சும்மா பேசினாள்:
டிக்கெட்டுக்குப் பதில் டர்னிப் நீட்டிய குடிகாரன்,
ரோனா சமையலறைக்கு மஞ்சள் அடித்தது,
அது மஞ்சளே இல்லை, கடுகு, என்று
இருவரும் மூன்று நாள் பேசாமலிருந்தது,
கடைவாய்ப் பல்லில் வலி,
ரோனா கிராம்பு வைத்துவிட்டது.

அவள் பெயரை
உப்பு, பால், பேருந்து என்பதுபோலச் சொன்னாள்.
அப்பால் இன்னொரு நாணயம் விழுந்தது.

ஜனவரி. பனி.
வாய் ஒரு பக்கம் வீங்கி வந்திருந்தாள்.
இன்று வேண்டாம், போ என்றார்கள் மற்றவர்கள்.
8.40 இருக்கிறது என்றாள்.

பீப் பீப். நாணயம். காகங்கள்.

“பல் எப்படி இருக்கிறது?”

கரகரத்த குரல். கேட்டானா, கேட்டாளா,
இன்னும் என்னால் எழுத முடியவில்லை.
இஷ்பெலுக்கு உடனே பதில் வரவில்லை.
வீக்கம் என்று பின்னால் சொல்லிக்கொண்டாள்.

“எங்கள் சமையலறை பச்சை.
முப்பத்தொரு வருடமாகப் பச்சை.”

அங்கே அதற்கு ஒரே சொல்தான்.
நான் ‘நம்’ என்று எழுதவில்லை.
‘எங்கள்’ என்று எழுதுகிறேன்.
கேட்பவரை வெளியே நிறுத்தி
கதவுக்கு உள்ளே இரண்டு பேர் இருக்கும் சொல்.

பிறகு பீப் ஒலி. சில்லறை தீர்ந்திருக்கும்.

அன்றைய பக்கம், நீல மை, கோணல் எழுத்து:
8.40. பெயர் கேட்கவில்லை.
விஷயம்: பல். பச்சை.
சொன்ன பதில்: பிடுங்கியாயிற்று.

அடுத்த வியாழன் பக்கத்தில்
8.40 என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறாள்.
மற்ற மூன்று கட்டமும் காலி.
அதற்கடுத்த வாரமும்
8.40.